தெரிந்த காற்றுக்காகக் காத்திரு

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. ஏர் ரைஃபிளில் சேர்த்த பெயரை ஐம்பது மீட்டரில் ஒரே காலையில் தொலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மண்டியிட்டுச் சுடும் நீலிங் ஒருவழியாக ஒப்பேறியது, படுத்துச் சுடும் பிரோனில் முதல் பத்துக் குண்டும் நன்றாகத்தான் போயின, பிறகு மேகம் கறுத்துக் காற்று கிளம்பியதும் எட்டும் ஏழுமாகச் சிதறின, தூறலோடு, நின்று சுடும் ஸ்டாண்டிங் வந்தபோது எதுவுமே பிடிபடவில்லை என்கிறாய். பேசாமல் பத்து மீட்டருக்கே திரும்பிவிடலாமா என்பது உன் கடைசி வரி.

திரும்பாதே. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இதே கேள்வியை நல்லம்பள்ளியிலிருந்தும் அரூரிலிருந்தும் வேறு பிள்ளைகளும் கேட்கிறார்கள். என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளை முதன்முதலாகத் தோளில் வைத்தவர்கள், மூடிய ஹாலில் பத்து மீட்டர் சுட்டுத் தேறியவர்கள். உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்குமான கடிதமாக எழுதுகிறேன்.

பத்து மீட்டரில் உன்னிடமிருந்து எதை மறைத்து வைத்திருந்தார்கள் என்று முதலில் பார். அங்கே பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதைத் தொட உன் உடம்பும் மூச்சும் டிரிகர் விரலும் ஒழுங்காக இருந்தால் போதும். கூரை உண்டு, சுவர் உண்டு, விளக்கு ஒரே அளவில் எரியும். தவறு நடந்தால் அது உன்னுடையது. சரியாக நடந்தால் அதுவும் உன்னுடையது. ஐம்பது மீட்டரில் நீ படுத்திருக்கும் இடத்துக்குக் கூரை இருக்கும், டார்கெட்டுக்கும் கூரை இருக்கும். நடுவில் இருப்பது வானம். குழலை விட்ட குண்டு அந்த வெளியைக் கடந்துதான் போகவேண்டும்.

அந்தக் குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம். வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைக் கடக்க வினாடியில் ஆறில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் காற்றால் என்ன செய்துவிட முடியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கைப் பார். குறுக்கே வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் குண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். தோட்டாவைப் பொறுத்து இது சற்றே கூடும், குறையும். ஐம்பது மீட்டர் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். அதாவது முகத்தில் பட்டதா இல்லையா என்று உனக்கே தெரியாத காற்று, உன் குண்டை முக்கால் வளையம் நகர்த்திவிடுகிறது. நடுவில் பட்டிருக்கவேண்டியது பத்தின் ஓரத்துக்கு வரும். உன் கையின் சின்னப் பிசகும் அதே பக்கம் சேர்ந்தால் ஒன்பது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் ஆடிக்காற்று வினாடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள். 36 மில்லிமீட்டர், நாலரை வளையம். அப்பழுக்கில்லாமல் நீ விட்ட குண்டு ஆறில் போய் விழும்.

உன் எட்டும் ஏழும் உன் கையால் வந்தவை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெரும்பாலும் அவை கையால் வந்தவை இல்லை. சுடக்கூடாத நேரத்தில் சுட்டதால் வந்தவை. நான் உனக்குச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

களத்தில் சாமையோ கேழ்வரகோ தூற்றுவதை நீ பார்த்திருப்பாய். முறத்தைத் தலைக்குமேல் தூக்கியவர் உடனே கவிழ்ப்பதில்லை. காற்று அறவே நின்றுவிட்டால் முறத்தை இறக்கிவிடுவார். சுழற்றி அடித்தாலும் இறக்கிவிடுவார். ஒரே பக்கமாக, ஒரே அளவாக ஓடும் காற்று வந்ததும் தானியத்தைச் சரியவிடுவார். பதர் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். அது நின்றதும் கையும் நிற்கும். அவருக்கு வேண்டியது அமைதி இல்லை, பழகிய ஓட்டம். ஐம்பது மீட்டரில் உனக்கு வேண்டியதும் அதுதான்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொடி தொங்கினால் சுடலாம் என்று காத்திருப்பார்கள். காற்றுள்ள நாளில் அமைதி என்பது பெரும்பாலும் இரண்டு வீச்சுக்கு நடுவே வரும் சின்ன இடைவெளி. நீ கன்னத்தைக் கட்டையில் பதித்து, மூச்சை இறக்கி, டிரிகரின் முதல் அழுத்தத்தைத் தாண்டுவதற்குள் அது முடிந்துபோகும். அடுத்து வருவது எந்தப் பக்கமிருந்து என்று யாருக்கும் தெரியாது. அமைதிக்குக் காத்திருந்தவள் கடைசியில் அறியாத காற்றில்தான் சுடுகிறாள். ஆகவே சைட்டர் நேரத்திலேயே, அதாவது கணக்கில் சேராத குண்டுகளைச் சுடும்போதே, ஒரு காற்றைத் தேர்ந்தெடு. எது மிக மெல்லியது என்று பார்க்காதே. எது அடிக்கடி திரும்பி வருகிறது, வந்தால் அதிக நேரம் தங்குகிறது என்று பார். அதற்கு சைட்டைக் கிளிக் வைத்துத் திருத்து. அதன்பின் அந்தக் காற்று இருக்கும்போது மட்டும் சுடு. அது போய்விட்டால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கு. திரும்பி வந்ததும் ஏந்து.

இறக்குவது எளிதாகத் தோன்றும். எளிதில்லை. பொசிஷன் அமைந்துவிட்டது, முன்சைட் வளையம் டார்கெட்டின் கறுப்பைச் சுற்றி அசையாமல் நிற்கிறது, விரல் பாதி வழி போய்விட்டது, அந்த நொடியில் கண்ணோரத்தில் கொடி திரும்புகிறது. உடம்பு முழுக்க 'விட்டுவிடு' என்று சொல்லும். அங்கே விரலை எடுப்பவள்தான் ஐம்பது மீட்டர்க்காரி. தோட்டாவில்லாமல் டிரை பிராக்டிஸ் செய்யும்போது டிரிகரை இழுத்துப் பழகுகிறோமே, அதே அக்கறையோடு இழுக்காமல் விடுவதையும் பழகவேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, எப்போது வேண்டுமானாலும் கையைத் தட்டச் சொல். தட்டினால் அந்த ஷாட்டைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கு. இதற்குத் தோட்டா தேவையில்லை, செலவும் இல்லை.

ககன் நாரங்கை உனக்குத் தெரியும். சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜூலை 30 அன்று பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, அதே வுலிச் வளாகத்தின் திறந்தவெளி ரேஞ்சில் ஐம்பது மீட்டர் பிரோன். 600க்கு 593 எடுத்துப் பதினெட்டாவதாக வந்தார். அன்று அதே போட்டியில் பெலாரஸின் செர்கேய் மார்ட்டினவ் 600க்கு 600. நம்முடைய ஜாய்தீப் கர்மாக்கர் 595 எடுத்து இறுதிக்குப் போய் நான்காம் இடம் பிடித்தார். பத்து மீட்டரில் உலகின் மூன்றாவது ஆளாக நின்றவருக்கே ஐம்பது மீட்டர் வேறொரு பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. நாரங் அங்கிருந்து ஓடிவிடவில்லை. 2014 காமன்வெல்த் போட்டியில் துப்பாக்கிச் சுடுதலை ஸ்காட்லாந்தின் கடலோரத்தில், கார்னூஸ்டிக்குப் பக்கத்திலுள்ள பாரி பட்டன் ராணுவ மைதானத்தில் வைத்தார்கள். அங்கே அவர் பிரோனில் வெள்ளி வாங்கினார், மூன்று பொசிஷனில் வெண்கலம் வாங்கினார். ஒரு கெட்ட காலை வைத்து உன்னை நீயே எடைபோடாதே என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

இனி கொடி. சர்வதேச விதிப்படி ஐம்பது மீட்டர் ரேஞ்சில் சுடும் கோட்டிலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சின்னக் கொடிகள் இருக்கும். 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளம், பருத்தித் துணி. சொந்தமாகக் காற்றுக்காட்டி எதையும் கொண்டுபோய் வைக்கக்கூடாது. இருக்கும் கொடிகளைத்தான் படிக்கவேண்டும். இரண்டில் எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டும் ஒன்றையே சொன்னால் கவலையில்லை. முரண்பட்டால் பக்கத்துக் கொடிக்கு அதிக மதிப்புக் கொடு. குண்டு கிளம்பியதும் காற்று அதைத் திருப்பினால், அந்தத் திருப்பம் மீதித் தூரம் முழுக்க வளர்ந்துகொண்டே போகும். டார்கெட்டுக்கு அருகே படும் காற்றுக்கு வளர இடமில்லை. ஆனால் இரண்டு கொடிகளும் எதிரெதிராகப் பறந்தால் மதிப்புப் போட்டுக்கொண்டிருக்காதே. சுடாதே, அவ்வளவுதான்.

காற்றின் கோணத்தைக் கடிகாரத்தை வைத்துச் சொல்லப் பழகியிருப்பாய். டார்கெட் பன்னிரண்டு மணி, உன் வலக்கை மூன்று மணி. ஒன்றரை மணிப் பக்கமிருந்து சாய்வாக வரும் காற்றை 'பாதிக் காற்று' என்று ரேஞ்சில் எல்லோரும் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 45 பாகையில் வரும் காற்றுக்கு முழுக் குறுக்குக்காற்றின் பலத்தில் பத்தில் ஏழு பங்கு உண்டு. பாதியாவது ஒரு மணிப் பக்கமிருந்து வரும் காற்றுதான். பாதி என்று நினைத்துத் திருத்துகிறவர்கள் எப்போதும் குறைத்தே திருத்துகிறார்கள், பிறகு தோட்டாவைக் குறை சொல்கிறார்கள்.

இன்னொன்று. உன் பிரோன் குண்டுகள் பக்கவாட்டில் மட்டும் போகாமல் மேலும் கீழும் போனதைப் பார்த்து மூச்சில்தான் பிழை என்று முடிவுகட்டியிருக்கிறாய். அவசரப்படாதே. பெரும்பாலான ரைஃபிள்களின் குழலில் வரிகள் வலப்பக்கமாகச் சுழல்கின்றன. குண்டும் அப்படியே சுழல்கிறது. அப்படிச் சுழலும் குண்டை வலப்புறமிருந்து வரும் காற்று இடப்பக்கம் தள்ளும்போது கொஞ்சம் மேலேயும் தூக்கும். இடப்புறக் காற்று வலப்பக்கம் தள்ளிக் கொஞ்சம் கீழேயும் இறக்கும். குண்டுகள் கிடைமட்டமாகச் சிதறாமல் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே சாய்கோடாகச் சிதறும். உன் டார்கெட் தாள்களை எடுத்துப் பார். சாய்கோடு தெரிந்தால் மூச்சைக் குறை சொல்லாதே, காற்றைத் தேடு. செங்குத்தாக இருந்தால் மட்டும் மூச்சையும் தோளில் கட்டை அமரும் இடத்தையும் சந்தேகப்படு.

டெலஸ்கோப் வைத்திருந்தால் கானலையும் படி. பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கத்து ரேஞ்சுகளில் கொடிக்கு முன்பே கானல் பேசும். குவியத்தை டார்கெட்டுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் அது ஓடும் பக்கம் தெரியும். ஓடிக்கொண்டிருந்த கானல் நேராக மேலெழுந்து கொதிக்கத் தொடங்கினால் குறுக்குக்காற்று நின்றுவிட்டது. சில நொடியில் பக்கம் மாறக்கூடும். கொடி தொங்குகிறதே என்று சுடத் துடிக்கும் தருணமும் அதுவே.

காத்திருக்க நேரம் எங்கே என்று கேட்பாய். மூன்று பொசிஷனுக்கும் இருபது இருபதாக அறுபது குண்டு, தொண்ணூறு நிமிடம். நீலிங்கிலிருந்து பிரோனுக்கும், பிரோனிலிருந்து ஸ்டாண்டிங்குக்கும் மாறுவதும், இடையில் போடும் சைட்டர்களும் இதற்குள்ளேயே அடக்கம். சராசரி பார்த்தால் குண்டுக்கு ஒன்றரை நிமிடம். அப்படிச் சமமாகப் பங்கிட்டால் தோற்றுப்போவாய். பிரோன் நிலையானது, அங்கே நல்ல காற்று கிடைத்தவுடன் அடுத்தடுத்து நாலைந்து குண்டு விடலாம். அப்படி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் ஸ்டாண்டிங்குக்கு. ஸ்டாண்டிங்கில் காற்று குண்டை மட்டும் தள்ளுவதில்லை, உன்னையும் தள்ளும், குழலையும் ஆட்டும். அங்கே பொறுக்குவதற்கு நிமிடங்கள் வேண்டும். நம் ஊர்களில் காலை ஏற ஏறக் காற்றும் ஏறும். ஸ்டாண்டிங் கடைசியில் வருவதால் மிக மோசமான காற்று பெரும்பாலும் மிகக் கடினமான பொசிஷனுக்கே வாய்க்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் அன்று அது உன்னைத் திடுக்கிட வைக்காது.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய சலுகை என்பது, அது இல்லாதவர்களைப் பார்த்தால் புரியும். இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் ஆண்டுதோறும் பெரிய ரைஃபிள் போட்டி நடக்கிறது. 1860இல் விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தது, 1890இல் பிஸ்லிக்கு இடம் மாறியது. முந்நூறு கஜத்திலும் சுடுவார்கள், ஆயிரம் கஜத்திலும் சுடுவார்கள். தலைக்குமேல் கூரை கிடையாது, திறந்த புல்தரையில் படுத்திருப்பார்கள், மழை பெய்தால் நனைவார்கள். ஆயிரம் கஜத்தில் மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக்காற்று அடித்தால் குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் விலகும். ஒரே டார்கெட்டில் இரண்டு மூன்று பேர் மாறிமாறிச் சுடுவதால் தனிநபர் போட்டியில் முறை வந்த 45 வினாடிக்குள் சுட்டாகவேண்டும். பிடித்த காற்றுக்குக் காத்திருக்க முடியாது. வந்த காற்றை அந்த நொடியில் அளந்து சைட்டைத் திருப்பவேண்டும். குழுப் போட்டியில் மட்டும் பின்னால் ஒருவர் உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்வார், சுடுபவர் சுடுவார். அந்தக் குழுப் போட்டிகளில் ஒன்றின் பெயர் கோலாப்பூர் கோப்பை. நம் நாட்டுக் கோலாப்பூர் அரசர் தந்தது, 1871 முதல் அதற்காகச் சுடுகிறார்கள்.

கோலாப்பூர் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2010இல் மியூனிக்கில் ஐம்பது மீட்டர் பிரோனில் உலகச் சாம்பியனான தேஜஸ்வினி சாவந்த் அந்த ஊர்க்காரர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று பொசிஷனில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே அந்த மாவட்டத்துக் கம்பல்வாடி கிராமத்தில் பிறந்தவர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்தவர். தகுதிச் சுற்றில் 590 எடுத்து ஏழாவதாக உள்ளே போனவர், இறுதியில் 451.4 புள்ளியோடு மூன்றாவதாக வெளியே வந்தார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கோலாப்பூர் பெருநகரமில்லை. கரும்பும் மழையுமான சீமை. தருமபுரிக்காரிக்கு இது எட்டாது என்று உன்னிடம் யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்.

மழைக்கு வருவோம். மழைத்துளி குண்டைத் திருப்பிவிடும் என்ற பயம் எல்லாப் புதியவர்களுக்கும் உண்டு. அதை மனதிலிருந்து எடுத்துவிடு. மழை செய்யும் கெடுதல் வேறு வழியில் வருகிறது. முதலாவது, மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று. தூறல் விழுவதற்குச் சில நிமிடம் முன்பே அது பக்கம் மாறும். உன் பிரோன் சிதறியது அங்கேதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது, வெளிச்சம். மேகம் மூடியதும் கறுப்பு மங்கும், முன்சைட் வளையத்துக்குள் வெள்ளை விளிம்பு மெலிந்துபோகும். கண்ணை இடுக்கிக்கொண்டு போராடாதே. பின்சைட்டின் ஐரிஸ் துளையைக் கொஞ்சம் திற. முன்வளையத்தை ஒரு அளவு பெரிதாக்கு. மாற்றிய பின் சைட்டர் போட வழியிருந்தால் போட்டுப் பார்க்காமல் கணக்குக் குண்டுக்குப் போகாதே. வழியில்லையென்றால் அந்த மாற்றத்தைப் பொசிஷன் மாறும்போது செய்.

மூன்றாவது, ஈரம். தோட்டாப் பெட்டியைப் பாயில் திறந்து வைக்காதே. மூடியுள்ள டப்பாவில் வை, ஒவ்வொன்றாக எடு. பாயிண்ட் டூ டூ குண்டின் மேல் மெல்லிய மெழுகு பூச்சு இருக்கும். ஈரக்கையும் மணலும் பட்டால் அது போய்விடும். தோட்டா அறையிலோ குழலிலோ தண்ணீர் இறங்கினால் குண்டின் உயரம் கெடும், ஆபத்தும்கூட. சாரல் உள்ளே அடிக்கிறதென்றால் சுடாத நேரத்தில் குழல்வாயை உலர்ந்த துணியால் மறைத்து வை, சுடும் முன் எடுத்துவிட்டாயா என்று இருமுறை பார். பின்சைட்டைத் துடைக்கத் தனித்துணி, கைக்குத் தனித்துணி. எண்ணெய்க் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு டார்கெட் மங்குகிறது என்று தவிப்பவர்கள் நிறைய.

ஜாக்கெட்டைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. கான்வாஸும் தோலும் ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்தால் அது தளரும், தளர்ந்தால் நேற்று உன்னைத் தாங்கிய அதே ஜாக்கெட் இன்று தாங்காது. ஸ்லிங் தோலாக இருந்தால் ஈரத்தில் நீளும். ஒரு துளை குறைத்துக் கட்டவேண்டி வரும். உன் ஸ்டாண்டிங் சரிந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். போட்டி முடிந்ததும் ஜாக்கெட்டை நிழலில் காயவிடு, வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். நனைந்த ரைஃபிளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவது பெரும்பாவம். எவ்வளவு அசதியாக இருந்தாலும் துடைத்து, குழலுக்குள் உலர் துணி ஓட்டி, எண்ணெய் காட்டிவிட்டுத்தான் சாப்பாடு.

இடி மின்னலில் பிடிவாதம் பிடிக்காதே. சித்திரை, வைகாசியில் மாமரங்களை முறிக்கிற கோடைமழை நம் பக்கம் எப்படி வரும் என்று காரிமங்கலம் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். வானம் இருண்டு அரைமணியில் எல்லாம் நடந்துவிடும். ரேஞ்ச் ஆபீசர் நிறுத்து என்றால் அந்த நொடியே நிறுத்தவேண்டும். விரல் டிரிகரில் பாதி வழியில் இருந்தாலும் சரி. தோட்டாவை எடு, போல்ட்டைத் திற, பாதுகாப்புக் கொடியைத் தோட்டா அறையில் செருகு, பிறகு எழு. மழை சாய்த்து அடிக்கும்போது எல்லோரும் பையையும் பாயையும் காப்பாற்ற ஓடுவார்கள். தோட்டா உள்ளே இருக்கும் துப்பாக்கி மறக்கப்படுவது அந்த ஓட்டத்தில்தான். உன் கொடி செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின் பக்கத்து லேனையும் பார். இல்லையென்றால் கூச்சப்படாமல் சத்தம் போட்டுச் சொல். அவர் உன்னைவிட மூத்தவராக இருந்தாலும் சொல்.

உன்னிடம் இதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பென்னாகரம் மலையோரத்தில் உறவுக்காரர்கள் இருப்பதாக ஒருமுறை சொன்னாய். அனுமதியில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் கேட்டுக்கொள்வது நம் பக்கத்துக்குப் புதிய செய்தியில்லை. 'ரைஃபிள் சுடும் பொண்ணு, இதையும் ஒரு கை பாரேன்' என்று யாராவது விளையாட்டாகக் கொடுத்தால் தொடாதே. 1959 ஆயுதச் சட்டத்தில் ஒரு வழக்கு விழுந்தால் லைசென்ஸ் கனவு அங்கேயே முடிந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மழை இருட்டில் புதருக்குள் அசைவதைப் பார்த்துச் சுடுகிறவனுக்குத் தன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. உனக்கு ஒவ்வொரு குண்டும் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தாகவேண்டும், தெரியாதபோது விரலை எடுத்தாகவேண்டும். அவன் பழக்கமும் உன் பழக்கமும் ஒரே கையில் சேராது.

கெட்ட நாளில் ஸ்கோரைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உன் போன வார ஸ்கோரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதே. அன்றைக்கு அதே டீட்டெயிலில், அதாவது அதே சுற்றில், அதே காற்றில் சுட்டவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார். எல்லோரும் பன்னிரண்டு புள்ளி இழந்திருக்க நீ எட்டு மட்டும் இழந்திருந்தால் நீ நன்றாகச் சுட்டிருக்கிறாய். அழுதுகொண்டு வீட்டுக்கு வராதே. இப்படிப்பட்ட காற்று நாள் மாநிலப் போட்டியிலும் வாய்க்கலாம், அது ஆடியிலும் வரும். 2022இல் ஜூலைக் கடைசியில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்தது. காவிரிக்கரை ஊரில் ஆடி மாதத்தில் காற்று எப்படியிருக்கும் என்று பட்டம் விடும் பிள்ளைகளுக்கே தெரியும். காலண்டரில் அந்த மாதத்தைப் பார்த்தவுடனே காற்றுக்குத் தயாராகத் தொடங்கிவிடு.

ரேஞ்சுக்கு வர ஒவ்வொரு முறையும் பஸ் பிடிக்கவேண்டும், தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தாய். தெரியும். காற்றைப் படிக்க இரண்டும் வேண்டாம். பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு, நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு நாடா கிழி. வீட்டுக்குப் பின்னாலுள்ள கொல்லையில் குச்சி நட்டு, நீ உட்காரும் இடத்திலிருந்து பத்து மீட்டரில் ஒன்று, முப்பது மீட்டரில் ஒன்று கட்டு. நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, போன பிறகு எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்று மட்டும் எழுது. முதலில் எல்லாம் தாறுமாறாகத் தெரியும். பொறுமையாக இருந்தால் ஒரு ஒழுங்கு பிடிபடும். நம் மேல்காற்றுக்கு அதற்கென்று ஒரு நடை உண்டு, ஓங்கி வரும், தளரும், மறுபடி ஓங்கும். தொப்பூர்க் கணவாய்ப் பக்கத்தில் அதன் நடை ஒன்று, மொரப்பூர்ச் சமவெளியில் வேறொன்று. புரட்டாசியில் மழைக்கு முந்திய காற்று இன்னொரு மாதிரி.

நடை பிடிபட்டபின் அடுத்த படி: 'இப்போது சுடுவேன்' என்று நினைக்கும் இடத்தில் ஒரு கோடு போடு. கோடு போட்ட மூன்று வினாடிக்குள் நாடா மாறிவிட்டால் அந்தக் கோட்டை அடித்துவிடு. ஒரு மணி நேரத்தில் அடிக்காத கோடுகள் எத்தனை, அடித்தவை எத்தனை என்று எண்ணிப் பார். சுடும் முன்னே என்ன நினைத்தாய் என்பதை எழுது. குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு எழுதும் நோட்டில் எல்லோரும் புத்திசாலிகள்தான்.

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையே நாடாவைக் கட்டிவிடு. மாநிலப் போட்டிக்கு முன் அந்த நோட்டிலிருந்து பத்துப் பக்கம் எனக்கு அனுப்பு. ஸ்கோர் எதுவும் எழுதவேண்டாம், காற்றை மட்டும் எழுது. படித்துவிட்டு, எந்தக் காற்றை நீ தேர்ந்தெடுக்கலாம் என்று பேசலாம். அதுவரை ஏர் ரைஃபிளையும் விடாதே. கையும் மூச்சும் அங்கேதான் கூர்மைப்படும்.

அன்புடன்,
உன் பெரியப்பா
தருமபுரி